பெயர் ஒன்று, ஆள் வேறு: சீனப் பெயர்களும் சில சொற்களின் வேரும்

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, செய்தியிலும் சரி, வரலாற்றுப் புத்தகத்திலும் சரி, சீனர்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. புரூஸ் லீயும் லீ குவான் யூவும் சொந்தக்காரர்களா? வாங், ஜாங், ஜின் என்று திரும்பத் திரும்ப அதே பெயர் வருகிறதே, எப்படிப் பிரித்தறிவது? தேயிலை, சீனி, மாண்டரின் போன்ற சொற்கள் உண்மையிலேயே சீனாவிலிருந்து வந்தவையா?"

லீ விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இருவரும் சொந்தம் இல்லை. ஆனால் இருவரின் குடும்பப் பெயரும் ஒன்றேதான், ஒரே எழுத்து. இதற்கு நேர்மாறாக, நமக்கு ஒரே பெயராகத் தெரிகிற பலரின் குடும்பப் பெயர்கள் உண்மையில் வேறு வேறு. நமக்கு வேறு வேறாகத் தெரிகிற சிலரோ ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள். சீனப் பெயரின் உயிர் எழுத்தில் இருக்கிறது. நாம் அதை ஒலியாக மட்டும் வாங்கிக்கொள்கிறோம். வாங்கும்போதே பாதி அடையாளம் உதிர்ந்துவிடுகிறது.

சீனாவின் பொதுமொழியான மாண்டரினில், தொனியை (அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தை) கணக்கில் எடுக்காவிட்டால், மொத்தம் சுமார் 400 அசைகள்தான். நான்கு தொனிகளையும் சேர்த்தால் 1,200, 1,300 வரை போகும். எழுத்துகளோ பல ஆயிரம். ஆகவே ஒரே அசைக்குப் பத்து, இருபது எழுத்துகள் வரிசையில் நிற்கின்றன. ஆங்கில எழுத்தில் போடும்போது தொனிக்குறி போய்விடுகிறது. அதைப் பார்த்து நாம் தமிழில் எழுதும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. சீனத்தில் தெளிவாக வேறுபடும் நாலைந்து ஒலிகள் நம்மிடம் ச, ஜ என்ற இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

சீனர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று சொல்லிப் பழகினோம் இல்லையா? ஒலியை வைத்துப் பிரிக்க முடியாதபோது எழுத்தைப் பக்கத்து எழுத்தோடு சேர்த்து அடையாளம் காட்டுகிறோம். அவர்களும் அப்படித்தான். முதல்முறை பார்க்கும்போது "என் பெயர் லீ" என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். "மரம், பிள்ளை, லீ" என்பார்கள். மரத்தைக் குறிக்கும் எழுத்து மேலே, பிள்ளையைக் குறிக்கும் எழுத்து கீழே. இரண்டும் சேர்ந்தால் லீ, அதாவது பிளம் மரம். லின் என்பவர் "இரண்டு மரம் லின்" என்பார். வாங் என்பவர் "மூன்று படுக்கைக்கோடு, ஒரு நெட்டுக்கோடு வாங்" என்பார். அது அரசன் என்று பொருள்படும் எழுத்து.

இதை வைத்துக்கொண்டு ஜாங் என்ற பெயரைப் பாருங்கள். இயக்குநர் ஜாங் யிமோவும் நடிகை ஜாங் சியியும் உலகம் அறிந்தவர்கள். அவர் இயக்கிய படத்தில்தான் இவர் பெயர் பெற்றார். அப்பா, மகளா என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இருவரின் ஜாங்கும் ஒன்றில்லை. இயக்குநருடையது "வில், நீளம், ஜாங்". நடிகையுடையது "நில், விடியல், ஜாங்". தொனிகூட ஒன்றுதான், அதனால் காதால் கேட்டால் சீனருக்கே தெரியாது. எழுத்தைப் பார்த்தால் நம் ஊரில் கண்ணன், கந்தன் போல முழுதாக வேறு.

சரி, எழுத்தும் ஒன்றாகவே இருந்துவிட்டால்? அதுவும் நடக்கிறது. வாங், லீ என்ற இரண்டு குடும்பப் பெயர்களும் சீனாவில் ஒவ்வொன்றும் பத்துக் கோடி பேருக்கு மேல் இருக்கின்றன. ஜாங் கொஞ்சம்தான் குறைவு. முழுப்பெயரே ஒன்றாக இருப்பவர்கள் என்று பார்த்தால் "ஜாங் வெய்" என்ற பெயரில் மட்டும் மூன்று லட்சத்தை ஒட்டி ஆட்கள். பிரபலங்களில் நல்ல உதாரணம் லீ நா. 2011-இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2014-இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்ற டென்னிஸ் வீராங்கனை ஒரு லீ நா. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இணையாகக் குதிக்கும் டைவிங் போட்டியில் தங்கம் வென்றவர் இன்னொரு லீ நா. திபெத்தியப் பீடபூமியைப் பற்றிய பாட்டால் சீனா முழுக்கப் புகழ்பெற்று, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1997-இல் பௌத்தத் துறவியான பாடகியும் லீ நாதான், அவருக்கு அது மேடைப் பெயர். மூவருக்கும் எழுத்துகள்கூட ஒன்றே. இங்கே தொழிலையும் ஆண்டையும் வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வாங் வெய் என்ற பெயரிலும் இப்படிப் பலர். எனக்குப் பிடித்தவர் எட்டாம் நூற்றாண்டு தாங் வம்சக் காலத்துக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய். 2001 ஏப்ரலில் ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானத்தோடு மோதி இறந்த சீன விமானியும் வாங் வெய். குடும்பப் பெயர் ஒன்று. சொந்தப் பெயரில் எழுத்தும் தொனியும் வேறு. கவிஞரின் பெயருக்குள் நமக்கு ஒரு வியப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் சொந்தப் பெயரோடு, வளர்ந்த பிறகு ஒரு மரியாதைப் பெயரும் வைத்துக்கொள்வார்கள். இவர் வைத்துக்கொண்டது "மோஜியே". வெய், மோஜியே இரண்டையும் சேர்த்துச் சொன்னால் "வெய்மோஜியே" என்று வரும். அது பௌத்த நூல்களில் வரும் விமலகீர்த்தி என்ற இல்லறத்து ஞானியின் பெயரைச் சீனர்கள் ஒலிபெயர்த்த வடிவம். தன் பெயரையே இரண்டாகப் பிரித்து ஒரு இந்தியப் பெயரை ஒளித்து வைத்த கவிஞர்! ஒலியாக மட்டும் "வாங் வெய்" என்று படித்துப் போகிறவருக்கு இது கிடைக்காது.

இப்போது லீ. கவிஞர் லீ பாய், தாங் பேரரசர் லீ ஷிமின், பதினாறாம் நூற்றாண்டு மூலிகை மருத்துவர் லீ ஷிஜென், புரூஸ் லீ, லீ குவான் யூ எல்லோரும் அதே பிளம் மரத்து லீ. கொரியாவில் லீ என்று எழுதி "ஈ" என்று உச்சரிக்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் இதே எழுத்துதான். வியட்நாமின் லீ வம்சமும் (1009 முதல் 1225 வரை) இதுவே. ஒரு பெயர் இவ்வளவு பரவியதற்கு வம்சப் பெருக்கம் மட்டும் காரணம் இல்லை. தாங் வம்சத்தின் குடும்பப் பெயர் லீ. போரில் சாதித்த தளபதிகளுக்கும் அடங்கிவந்த வேற்றினத் தலைவர்களுக்கும் பேரரசர்கள் தங்கள் குடும்பப் பெயரையே பரிசாகக் கொடுத்தார்கள். ஷூ ஷிஜி என்ற தளபதி அப்படித்தான் லீ ஷிஜி ஆனார். பிறகு பேரரசரின் பெயரில் உள்ள "ஷி" குடிமகன் பெயரில் இருக்கக் கூடாது என்பதால் அதையும் இழந்து வெறும் லீ ஜி ஆனார். பெற்றோர் வைத்த பெயரில் ஓர் அசைதான் அவருக்கு மிஞ்சியது.

இன்னொரு லீயும் இருக்கிறது, எழுத்து வேறு. சீனக் குடியரசின் தலைவராக இருந்த லீ யுவான்ஹோங்கின் லீ அது. ஹாங்காங்கின் காண்டனீஸ் பேச்சில் அதே எழுத்து "லாய்" ஆகிவிடுகிறது. வியட்நாமில் அது "லே". வியட்நாம் வரலாற்றில் லீ வம்சம், லே வம்சம் என்று இரண்டு வருவது அச்சுப்பிழை அல்ல. வேறு வேறு எழுத்து, வேறு வேறு குடும்பம்.

வட்டார மொழி என்று வந்துவிட்டால் விஷயம் இன்னும் சுவையாகிறது. இதற்குச் சிங்கப்பூரைவிட நல்ல இடம் இல்லை. அங்கே போன சீனர்கள் ஹொக்கியன், தியோசியூ, காண்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்று வெவ்வேறு மொழி பேசியவர்கள். எழுத்து எல்லோருக்கும் பொது, உச்சரிப்பு அவரவர் ஊர்ப்படி. ஆங்கில ஆட்சியில் பதிவேட்டில் ஏறியது அந்த ஊர் உச்சரிப்பு.

சிங்கப்பூரின் அதிபர் வீ கிம் வீ, 1985 முதல் 1993 வரை பதவியில் இருந்தவர். அவருக்குப் பின் வந்தவர் ஓங் டெங் சியோங், 1999 வரை. 2024 மே மாதம் பிரதமரானவர் லாரன்ஸ் வோங். முன்னாள் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென். ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாய். இந்த ஐந்து பேரில் யாரும் யாருக்கும் ஒரே குடும்பப் பெயரா என்று கேட்டால், இரண்டு வோங்குகளையும்தான் நாம் காட்டுவோம். விடை தலைகீழ். லாரன்ஸ் வோங்கின் எழுத்து "மஞ்சள்" என்று பொருள்படுவது, மாண்டரினில் ஹுவாங். வீ கிம் வீயின் முதல் வீயும் அதே மஞ்சள்தான். இங் எங் ஹென்னின் இங்கும் அதே மஞ்சள். வோங் கார் வாயோ "அரசன்" எழுத்துக்காரர், மாண்டரினில் வாங். ஓங் டெங் சியோங்கும் அதே அரசன். காண்டனீஸ் பேச்சில் மஞ்சளும் அரசனும் ஒன்றாகக் கலந்து "வோங்" ஆகிவிடுகின்றன. ஹொக்கியனில் அவை பிரிந்தே இருக்கின்றன. குங்ஃபூ வீரர் வோங் ஃபெய் ஹோங் மஞ்சள் வோங். இன்னும் ஒன்று: வீ கிம் வீ என்ற பெயரின் முதல் வீயும் கடைசி வீயும் ஒரே எழுத்து இல்லை. கடைசி வீ "ஒளி" என்ற பொருள் கொண்டது. பொன், ஒளி என்று விரியும் அழகான பெயர் அது.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு கூட்டத்துக்குப் பெயர் அட்டை எழுதும் வேலையில் நான் இதில் வழுக்கி விழுந்தேன். ஆங்கிலப் பட்டியலில் வோங் என்று இருந்த ஒரு பெரியவருக்கு "அரசன்" எழுத்தைப் போட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் எழுத்தை மெதுவாக எழுதி, அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி சட்டையில் குத்திக்கொண்டார். என் கண் முன்னால் ஒருவரின் தாத்தாவையே மாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எழுத்தைப் பார்க்காமல் எந்தச் சீனப் பெயரையும் சீனத்துக்குத் திருப்பி எழுதியதில்லை.

கற்றவர்களும் சறுக்குகிற இடம் இது. சியாங் காய்-ஷேக் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அது தென்சீன உச்சரிப்பு, மாண்டரினில் அவர் ஜியாங் ஜியேஷி. 2008-இல் சீனாவில் வெளியான ஓர் ஆய்வு நூலில், ஆங்கிலத்தில் இருந்த அவர் பெயரை ஒலிப்படி சீனத்துக்குத் திருப்பி "சாங் காய்ஷென்" என்று, இல்லாத ஓர் ஆளை உருவாக்கிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டுச் சீனாவின் தலைவர் ஒருவரை அவர் நாட்டிலேயே அடையாளம் தெரியாமல் போனது.

சென் என்ற பெயரும் இப்படிப் பல சட்டை போட்டது. மாண்டரினில் சென், காண்டனீஸில் சான், ஹொக்கியனில் டான், வியட்நாமில் திரான். நான்கும் ஒரே எழுத்து. சிங்கப்பூரில் சீனர்களிடையே மிகுதியான குடும்பப் பெயர் டான்தான். 1921-இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவிய ரப்பர் வணிகர் டான் கா கீயைச் சீனாவில் சென் ஜியாகெங் என்றால்தான் தெரியும். 1225 முதல் 1400 வரை வியட்நாமை ஆண்டு மங்கோலியப் படைகளை விரட்டிய திரான் வம்சமும் இதே குடும்பப் பெயர். ஜாக்கி சானும் இதில் சேர்வார் என்றுதான் நினைப்போம். அவருக்குப் பிறந்தபோது வைத்த பெயர் சான் கோங் சாங், அதாவது ஹாங்காங்கில் பிறந்தவன். ஆனால் அவர் அப்பா பிழைப்புக்காக ஹாங்காங் வந்தபோது தன் உண்மையான குடும்பப் பெயரை மறைத்துக்கொண்டவர். அது ஃபாங். ஜாக்கியின் மகன் சீனத்தில் தன்னை ஃபாங் என்றே எழுதுகிறார். சீன ரசிகர்கள் ஜாக்கியை அழைப்பது "செங் லோங்" என்ற மேடைப் பெயரால், "டிராகன் ஆனவன்" என்று பொருள். அதில் சானும் இல்லை, ஃபாங்கும் இல்லை.

சில ஒற்றுமைகள் வேண்டுமென்றே வைப்பவை. குடும்பப் பெயர் முதலில் வரும், அதற்கடுத்து ஒரு தலைமுறைக்குப் பொதுவான எழுத்து, பிறகு அவரவர்க்கு ஓர் எழுத்து. மா சேதுங்கின் தம்பிகள் மா சேமின், மா சேதான். லீ சியென் லூங், லீ சியென் யாங் அண்ணன் தம்பி. சூங் சகோதரிகள் மூவருக்கும் கடைசி எழுத்து பொது: ஐ-லிங், சிங்-லிங், மெய்-லிங். மூத்தவர் கன்பூசியஸ் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட பணக்காரரை மணந்தார். நடுவில் உள்ளவர் குடியரசுப் புரட்சியின் தலைவர் சுன் யாட்-சென்னை மணந்தார். இளையவர் சியாங் காய்-ஷேக்கை மணந்தார். சீனாவின் புரட்சியும் உள்நாட்டுப் போரும் ஒரே வீட்டுப் பெண்களின் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

வரலாற்றுப் புத்தகம் படிக்கிறவர்களுக்குத்தான் அதிகத் தலைவலி, அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். "ஜின்" வம்சம் என்று கண்டால் உடனே ஆண்டைப் பாருங்கள். கி.பி. 266 முதல் 420 வரை ஒன்று. 1115 முதல் 1234 வரை ஜுர்சென் மக்களின் ஜின் ஒன்று, அந்த எழுத்துக்குப் பொன் என்று பொருள். சரி, பிந்தையதைப் "பிற்கால ஜின்" என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றால், அதுவும் இரண்டு: 936 முதல் 947 வரை ஒன்று, 1616 முதல் 1636 வரை மஞ்சுக்களுடையது ஒன்று. அப்புறம் சுமார் கி.மு. 1046-இல் ஷாங் வம்சத்தின் கடைசி அரசனை வீழ்த்தி எழுந்தது ஜோ வம்சம். வீழ்ந்த அந்த அரசனின் பெயரும் ஜோ. தொனி வேறு, எழுத்து வேறு, மொழிபெயர்ப்பில் மட்டும் ஜோ ஜோவை வென்றதாக வரும். ஹான் வம்சத்தை நிறுவ உதவிய பெருந்தளபதி ஹான் ஷின். அவருடைய ஹானுக்கும் வம்சத்தின் ஹானுக்கும் சம்பந்தமே இல்லை. தளபதியின் ஹான்தான் இன்றைக்குத் தென்கொரியாவின் பெயரில் இருக்கும் ஹான்.

எல்லாவற்றிலும் கடினமானது வெய். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வெய் என்று இரண்டு நாடுகள் ஒரே காலத்தில் இருந்தன. தொனியும் ஒன்றுதான். சின் நாட்டைச் சட்டத்தால் மாற்றியமைத்த ஷாங் யாங் சிறிய வெய்யில் பிறந்து, பெரிய வெய்யில் வேலை பார்த்து, அங்கே மதிப்பில்லாமல் சின்னுக்குப் போனவர். "வெய்யில் பிறந்து வெய்யில் பணியாற்றி" என்று தமிழில் எழுதினால் ஒரே ஊர் என்றுதான் எவரும் நினைப்பார். இப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒரு வரி விளக்கம் போட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். போடாமல் விடுவது வாசகரை நடுவழியில் இறக்கிவிடுவது.

நம் பாடப்புத்தகத்து யாத்திரிகர்களுக்கும் இதே கதை. பாஹியான் இன்றைய எழுத்துமுறையில் ஃபாஷியேன். யுவான் சுவாங் ஷுவான்சாங். இட்சிங் யீஜிங். மூவர் ஆறு பேராகத் தெரிவது நாம் பழைய ஆங்கில நூல்களிலிருந்து எடுத்ததால். யீஜிங் (635 முதல் 713 வரை) என்று எழுதினால் இன்னொரு தொல்லை வரும். குறி பார்க்கவும் தத்துவத்துக்கும் சீனர்கள் போற்றும் "மாற்றங்களின் நூல்" இருக்கிறதே, அதன் பெயரும் யீஜிங். துறவியா, நூலா என்பது எழுத்தில்தான் தெரியும். இவருக்கு அடுத்த தலைமுறையில் யீஷிங் என்ற வானியல் துறவி (683 முதல் 727 வரை) வேறு இருக்கிறார். தென்னிந்தியாவிலிருந்து போன வஜ்ரபோதியிடம் பாடம் கேட்டவர் அவர். வஜ்ரபோதியின் பெயரைச் சீனர்கள் ஒலிபெயர்க்காமல் பொருளை எடுத்து "ஜின்காங்ஜி" என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

எதிர்த்திசையில் நம் பெயர்கள் போனபோது என்ன ஆனது என்றும் பாருங்கள். 1015-இல் சோழநாட்டுத் தூதுக்குழு சோங் பேரரசவையை அடைந்தது. அனுப்பிய மன்னரின் பெயரைச் சீன வரலாற்று ஏடு "லோ-சா-லோ-ஜா" என்று பதிவு செய்கிறது. ராஜராஜன்தான் அது, ரகரம் இல்லாத இடத்தில் லகரம். குழு போய்ச் சேருவதற்குள் ராஜராஜன் காலமாகியிருந்தார். இன்றைய சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தைச் சீனச் செய்தித்தாள்கள் "ஷாங் டாமான்" என்று எழுதுகின்றன. சண்முகத்தின் முதல் ஒலியைக் குடும்பப் பெயராக முன்னால் வைத்து, சீன முறைப்படி மூன்று எழுத்தில் முடித்துவிட்டார்கள். நல்ல வேலைப்பாடு.

தமிழும் சீனமும் ஒரே கல்லில் நிற்கும் இடம் இலங்கையின் காலி. கடலோடி ஜெங் ஹே 1409 என்ற ஆண்டு பொறித்துக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1911-இல் அங்கே கிடைத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்ட தென்னவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனையும் போற்றுகிறது. ஜெங் ஹே பிறந்தபோது மா ஹே. சீன முஸ்லிம்களிடம் மா என்ற குடும்பப் பெயர் மிகுதி, முகம்மது என்ற பெயரின் முதல் ஒலியை அதில் கேட்பார்கள். ஜெங் என்பது 1404-இல் பேரரசர் கொடுத்தது. தாய்வானை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஜெங் செங்கோங் இரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவர், அதே ஜெங், ஆனால் சொந்தம் இல்லை. அவருக்கு மிங் அரசர் தன் குடும்பப் பெயரையே கொடுத்ததால் "நாட்டுப் பெயர் பெற்ற ஐயா" என்று மக்கள் அழைத்தார்கள். ஹொக்கியனில் அதைச் சொல்லும் விதம்தான் ஐரோப்பியர் வாயில் "கோக்சிங்கா" ஆயிற்று.

இனி சொற்கள். சீனா என்ற சொல் சீன மொழியில் இல்லை. அவர்கள் தங்கள் நாட்டை "ஜோங்குவோ" என்கிறார்கள், அதாவது நடுநாடு. நம் விழுப்புரம், கடலூர் பக்கத்துக்கு இருக்கும் அதே பெயர். "சீனா" வடமொழி வழியாகப் பாரசீகம் போய் ஐரோப்பாவுக்குப் போனது. அதன் வேர் சின் நாட்டின் பெயர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வடமொழி நூல்களில் சொல் தோன்றும் காலத்தை வைத்து இதை மறுப்பவர்களும் உண்டு. சீனி சீனத்துப் பொருள் என்று வந்த பெயர்தான், ஆனால் சீனர்கள் சர்க்கரையை அப்படிச் சொல்வதில்லை. படிகாரத்தைச் சீனாக்காரம் என்பதும், இரும்பு வாணலியைச் சீனச்சட்டி என்பதும் அதே வகை. பொருளோடு வந்த ஊர்ப்பெயர்கள்.

மாண்டரின் என்ற பெயர் சீனமே இல்லை. நம் வீட்டுச் சொல் அது. வடமொழியின் மந்திரி மலாய்க்குப் போய் மென்தெரி ஆனது. போர்த்துக்கீசியர் அதைக் கேட்டுச் சீன அதிகாரிகளை "மந்தரிம்" என்று அழைத்தார்கள். அதிகாரிகள் பேசிய மொழிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் மந்திரி என்று தினமும் சொல்லிக்கொண்டே மாண்டரினை அயல்சொல்லாக எழுதுகிறோம்.

ஜென் பௌத்தத்தின் ஜென்னும் இப்படித்தான். தியானம் பாலியில் ஜான, சீனத்தில் "சான்னா", சுருங்கிச் "சான்", ஜப்பானியத்தில் "ஜென்". இந்தச் சானுக்கும் ஜாக்கி சானின் சானுக்கும் தொடர்பு தேடாதீர்கள், எழுத்து வேறு. கூலி என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது தமிழிலிருந்தா, குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்தா என்று இரண்டு கருத்துகள் உண்டு. சீனர்கள் அதை ஏற்றபோது "கூலி" என்ற ஒலிக்கு "கசப்பான உழைப்பு" என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். பல்லாயிரம் சீனத் தொழிலாளர்கள் கப்பலேறிப் பட்ட பாட்டை அந்த எழுத்துகள் இன்றும் சொல்கின்றன.

ஒரு பெயரே சொல்லான கதையும் இருக்கிறது. நாவலாசிரியர் மா துன் (1896 முதல் 1981 வரை) மா சேதுங்கின் உறவு இல்லை. அவருடைய உண்மையான குடும்பப் பெயர் ஷென். பழைய சீனத் தத்துவவாதி ஹான் ஃபெய்யின் நூலில் ஒரு வியாபாரி வருவான். எதையும் துளைக்கும் ஈட்டி என்று ஒன்றை விற்பான், எதுவும் துளைக்காத கேடயம் என்று இன்னொன்றை விற்பான். அந்த ஈட்டியால் இந்தக் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டதும் வாயடைத்துப் போவான். அதிலிருந்து "ஈட்டி கேடயம்", மா துன், என்பதே சீனத்தில் முரண்பாட்டுக்குச் சொல் ஆயிற்று. 1927-இல் புரட்சி உடைந்து சிதறிய வேதனையில் அந்தச் சொல்லையே எழுத்தாளர் புனைபெயராக வைத்தார். அப்பட்டமாகத் தெரிகிறதே என்று நண்பர் ஈட்டி எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்துவிட, அது நிஜமான குடும்பப் பெயர்போல ஆகிவிட்டது.

கடைசியாகத் தேயிலை. இதுதான் உங்கள் பட்டியலில் அசல் சீனச் சொல். ஒரே எழுத்தை மாண்டரினிலும் காண்டனீஸிலும் "சா" என்கிறார்கள், ஹொக்கியனில் "தே" என்கிறார்கள். மக்காவில் இருந்த போர்த்துக்கீசியரும் தரைவழி வணிகரும் கொண்டுபோனது சா. ஹொக்கியன் பேசும் ஃபூஜியன் கரையில் சரக்கு ஏற்றிய டச்சுக்காரர் கொண்டுபோனது தே. தமிழில் இரண்டும் இருக்கின்றன. தேயிலை, யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணி ஒரு பக்கம், கேரள எல்லையோரத்துச் சாயா இன்னொரு பக்கம். சிங்கப்பூர் காப்பிக்கடையில் ஹொக்கியன் பெரியவர் "தே" என்று கேட்கும்போது, அது நம் தேயிலையில் இருக்கும் அதே தே.